செவ்வாய்க்கிழமை வீடு

“வாட்டர் பெட்டைத் தொடச்சு நெழல்ல காய வச்சுட்டேன் சார். வேற யாருக்காச்சும் ஆகும்ல?”

மடித்துக் கட்டிய படுக்கையைக் கொண்டுவந்து ஈஸ்வரபாண்டியின் முன்னால் வைத்தாள் ராமுத்தாய். அவள் புருஷன் கர்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள்தான் முடிந்திருந்தது. மகளும் திருப்பூருக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

“ஆகும்மா. தேவதானப்பட்டியில ஒருத்தர் இடுப்பு ஒடஞ்சு கெடக்காரு. நாளைக்கே அங்கன கொண்டு போயிருவேன்.”

“உக்காருங்க, காப்பி போடுறேன்.”

“வேணாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

வாய்தான் அப்படிச் சொன்னது. கால் நகரவில்லை. இந்தப் படியை விட்டு இறங்கினால் மறுபடி ஏறி வர அவருக்கு ஒரு காரணமும் கிடையாது.

ஈஸ்வரபாண்டி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியகுளத்தில் ஒண்டிக்கட்டை. ஓய்வு பெற்ற புதிதில் நாள் முழுக்க டி.வி. முன்னால் கிடந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஜெபஷீலா என்கிற நர்ஸ் போன் செய்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிற குழு ஒன்று நடத்துவதாகச் சொன்னாள். வர முடியுமா என்று கேட்டாள்.

போனார். இன்றைக்கு அவர் பொறுப்பில் பதினான்கு வீடுகள். அது போக ரத்ததான முகாம், நடக்க முடியாத பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுப்பது என்று ஓடிக்கொண்டே இருப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு மதுரைக்குப் போவார். ஆணை விரும்பும் ஆண்கள், வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்ளும் கூட்டம் அது. அங்கே வயதில் மூத்தவர் அவர்தான். “வீட்டுக்குப் பயந்து ஒரு பொண்ணு கழுத்துல தாலிய மட்டும் கட்டிராதீகப்பா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தப் பதினான்கில் செவ்வாய்க்கிழமை வீடு இது. லிஸ்ட்டில் ‘கர்ணன், சின்னமனூர்’ என்று முதல் தடவை படித்ததும் அந்த வரியையே மறுபடி மறுபடி படித்தார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் கம்பத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீசில் வேலை, ஒரே அறையில் வாசம். நான்கு வருஷம் அப்படி இருந்தார்கள். கர்ணனைத் தவிர வேறு யாரையும் அவர் மனசு தேடியதில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. கர்ணனுக்கு வீட்டில் பெண் பார்த்தார்கள்.

“நானும் கட்டிக்கிறேன், நீயும் கட்டிக்க. வேற வழி இல்ல பாண்டி” என்றான்.

ஈஸ்வரபாண்டி கட்டிக்கொள்ளவில்லை. அவன் கல்யாணத்துக்கும் போகவில்லை. மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியகுளம் வந்தவர்தான்.

பெரியகுளத்துக்காரனுக்கு எதற்காகச் சின்னமனூரில் ஒரு வீட்டை ஒதுக்கினாய் என்று ஜெபஷீலாவிடம் அவர் கேட்கவே இல்லை. கேட்டால் வேறு ஆளுக்கு மாற்றிவிடுவாளோ என்று பயம்.

முதல் நாள் அவரைப் பார்த்ததும், பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த கர்ணன் தேம்பித் தேம்பி அழுதான்.

“சீக்கு வந்ததுல இருந்து யாரப் பாத்தாலும் இப்படித்தேன் அழுகுறாக. தப்பா நெனைக்காதீக சார்” என்று சொல்லிவிட்டு ராமுத்தாய் மாவு மில்லுக்குக் கிளம்பிப் போனாள்.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் அவர் வரும் நேரம் பார்த்து அவளுக்கு வெளியில் ஏதாவது ஒரு வேலை இருந்தது. அவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. சவரம் செய்துவிடுவார். நகம் வெட்டுவார். புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவார். மிச்ச நேரமெல்லாம் கர்ணனின் இடது கை அவர் கையைப் பிடித்தபடியே கிடக்கும்.

கர்ணனை எடுத்த அன்றைக்குக் குழுவின் பேரில் ஒரு மாலையைப் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அழுவதற்கு அவருக்கு என்ன முறை இருக்கிறது?

இப்போது கர்ணன் சுவரில் மாலையோடு இருந்தான். அந்த முகம் ஒரு போட்டோவாகக்கூட ஈஸ்வரபாண்டியிடம் இல்லை.

“அம்மா, குழு ரெக்கார்டுல வைக்கணும். இந்தப் படத்த செல்லுல ஒண்ணு எடுத்துக்கிரட்டுமா?”

ராமுத்தாய் ட்யூப்லைட்டைப் போட்டாள். “எடுத்துக்கங்க” என்றாள்.

எடுத்தார். மாலைதான் பெரிதாக விழுந்தது. மறுபடி எடுத்தார். கண்ணாடியில் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்து முகம் மறைந்தது. மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

“அங்கன தொங்குனா சரியா விழாது.” அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றிவிட்டுப் படத்தை இறக்கினாள். முந்தானையால் துடைத்தாள். ஜன்னலோரம் வந்து, நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப எடுங்க. ஆனா ரெக்கார்டுக்குன்னு பொய் சொல்ல வேணாம்ண்ணே.”

ஈஸ்வரபாண்டி செல்லைக் கீழே இறக்கினார். இந்த மூன்று வருஷத்தில் சார் என்பதைத் தவிர வேறு எப்படியும் அவள் கூப்பிட்டதில்லை.

“என்னம்மா சொல்றீக?”

“ஜெபஷீலா உங்களுக்கு மொத மொதப் போன் பண்ணுச்சுல்ல? பென்ஷன் சங்கத்துக்கு நடையா நடந்து உங்க நம்பர வாங்கி, அதுகிட்டக் குடுத்தது நான்தேன். ‘பாண்டின்னு ஒருத்தன் மேல உசுரா இருந்தேன், அவன விட்டுட்டுத்தேன் உன்னையக் கட்டுனேன்’னு, கல்யாணமான மொத வருசமே அவுக எங்கிட்டச் சொல்லிட்டாக.”