பால் காய்ச்சும் கொலைகாரன்

மதியக் காட்சியில், காலி நாற்காலிகளுக்கு நடுவே ஏழெட்டுத் தலைகள்தான். திரையில் கொலைகாரன், தான் கொன்றவனின் குழந்தை அழுவதைக் கேட்டு அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சுகிறான். வசனமில்லை, பொங்கிவரும் பாலை அவன் ஊதி அடக்கும் சத்தம் மட்டும். கடைசி வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால் ஓர் அம்மாள், வாயருகே கொண்டுபோன சோளப்பொரியை மறந்து உறைந்திருக்கிறாள். கடைசி வரிசையில் அந்தப் படத்தின் இயக்குநர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தியேட்டர் மேனேஜர் அவர் காதருகே குனிகிறார். "சார், படம் ஜவ்வா இழுக்குதாம். நாளையிலேருந்து இந்த சீனைத் தூக்கச் சொல்லிட்டாரு புரொடியூசர். கொலை இருக்கட்டுமாம்." படம் முடிந்து விளக்கு எரிகிறது. கண்ணைத் துடைத்தபடி வெளியே வரும் அம்மாள், யாரென்று தெரியாமலே இயக்குநரிடம் சொல்கிறாள்: "அந்தப் பால் காய்ச்சுற இடம் ஒண்ணு போதுங்க. அதுக்காகவே நாளைக்கு எங்க வீட்டுக்காரரை இழுத்துட்டு வரப்போறேன்." "கட்டாயம் வாங்கம்மா," என்கிறார் அவர்.