நாலாம் வகுப்பு அடங்கிய நாள்

வகுப்பு அமைதியாக இருந்தது.

அறை மாறி வந்துவிட்டேனோ என்று வாசலுக்கு மேலே எழுதியிருந்ததை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். நாலாம் வகுப்பு, பி பிரிவு. என் வகுப்பேதான்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வாண்டுகள் என்னைப் படுத்தாத பாடு இல்லை. நான் மேசையைத் தட்டினால் அவர்களும் தட்டுவார்கள். "சைலன்ஸ்" என்று கத்தினால் கடைசி பெஞ்சு அதை எனக்கே திருப்பிக் கத்தும். பக்கத்து வகுப்பு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார். பாடம் நடத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, இந்த மாதத்துக்குள் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இன்று பெருக்கல் கணக்கை எழுதிப் போட்டேன். தலையைக் குனிந்து எழுதினார்கள். சாக்பீஸ் கிறீச்சிட்டது. ஒருவன்கூட அதைப்போலக் கத்திக் காட்டவில்லை.

ஜன்னல் பக்கமாகப் போன தலைமையாசிரியை நின்றார். உள்ளே பார்த்தார். எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே என் கணவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவரை விட்டால் எனக்குச் சொல்ல ஆள் கிடையாது. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றதோடு அம்மா வீட்டில் என் பேச்சே இல்லை என்றாகிவிட்டது. தினமும் சாப்பிடும்போது வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்பார். ஜோராகப் போகிறது என்பேன். அவர் முன்னால் தோற்றுப்போய் நிற்கக் கூடாதென்று ஒரு வீம்பு. என் பொண்டாட்டி புலியாச்சே என்பார். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துபோவேன்.

நோட்டுத் திருத்த வரிசையாக வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கிள்ளல் இல்லை.

மைக்செட் வந்தாள். அவளுக்கு அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, பள்ளிக்கூடமே வைத்தது. கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவரின் மகள். கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். மெதுவாகப் பேசவே தெரியாதவள் இன்று என் காதருகே வந்து ரகசியம் பேசினாள்.

"இனிமே நாங்க யாரும் சத்தம் போட மாட்டோம் மிஸ். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழ வேணாம்."

சிவப்புப் பேனா நோட்டிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வாளி நிரம்புவதற்குள் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். சத்தம் வெளியே போகக் கூடாதென்றுதான் குழாயை முழுசாகத் திறப்பது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

யார் சொன்னது என்று கேட்டேன். மாடி வீட்டுக்காரம்மா என்று சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

உங்க வீட்டு அங்கிள்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ள வந்தவர், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு என்னை மாதிரியே அழுது காட்டினாராம். கடையே விழுந்து விழுந்து சிரித்ததாம். சிரித்த சிரிப்பில் அவள் அப்பாவுக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்கக்கூட முடியவில்லையாம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் பாழும் மனசு அவருக்காகத்தான் பரிந்து பேசியது. வெளியே வரும்போது கண் சிவந்திருப்பதைப் பார்த்திருப்பார். நாலு ஆம்பிளைகள் கூடின இடத்தில், என்ன ஏதென்று யோசிக்காமல் தமாஷுக்கு எதையோ அளந்துவிட்டிருப்பார். ஆம்பிளைகளுக்குப் பொண்டாட்டியை விட்டால் சிரிக்க வேறு என்ன இருக்கிறது.

அப்படி என்னதான் நடித்தார் உன் அங்கிள் என்று முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டே கேட்டேன்.

மைக்செட் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் நெருங்கி வந்தாள்.

"'என்னால முடியலம்மா, வந்து என்னக் கூட்டிட்டுப் போயிடும்மா'ன்னு உங்க குரல்லயே சொன்னாங்க மிஸ். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

அதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு முணுமுணுப்பது. தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் என் காதுக்கே சரியாகக் கேட்காது.

கதவில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றால்தான் கேட்கும்.