எச்சில் தொட்ட வானம்

வடக்கு ஜன்னலின் வெளிச்சம் மேசைமேல் கிடத்தியிருக்கும் ஓவியத்தில் விழுகிறது. ஆற்றில் ஒரு படகு, அதில் ஒருவன், பின்னால் மங்கிய மஞ்சள் வானம். கழற்றிச் சுவரில் சாய்த்த சட்டத்தில் ‘அந்தி’ என்று பித்தளைத் தகடு. ஓவியங்களைச் செப்பனிடுகிறவள் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, வானத்தின் மூலையில் மெல்ல உருட்டுகிறாள். சட்டம் செய்யும் தச்சர் முகம் சுளிக்கிறார். “எச்சியாலயா தொடைக்கிறீங்க?” “குழந்தை மூஞ்சியில அழுக்குன்னா அம்மாக்காரி என்ன பண்றா, அண்ணே? மருந்தவிட எச்சி சாது.” சொல்லிவிட்டாளே தவிர, கை நின்றுவிடுகிறது. பஞ்சில் வண்ணம் ஏறியிருந்தால் ஓவியன் பூசியதே கரைகிறது என்று பொருள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சைத் திருப்புகிறாள். டீக்கறை நிறம், யார் யாரோ ஊதிய புகைதான், வேறொன்றும் இல்லை. அது விலகிய நகத்தளவு இடத்தில் விடியற்காலைக்கே உரிய வெளிர்நீலம் ஈரமாக மின்னுகிறது. தச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார். “இத்தன வருஷமா இவன் வீட்டுக்குத் திரும்புறான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.” “இல்லண்ணே, இப்பத்தான் கெளம்புறான்.” அவர் சட்டத்தருகே உட்கார்ந்து, தகட்டின் முதல் திருகைத் தளர்த்துகிறார்.