பின்பக்க ஸ்பீக்கர்

“எல்லாம் அப்பாவுக்காகத்தான்” என்றார் வீட்டுக்காரர், அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்தபடியே. “இருக்கறதுலயே விலை கம்மியான ஸ்பீக்கர் செட்டுதான். ஆனா சத்தத்துக்குக் குறை இருக்காதுன்னு உங்க கடையில சொன்னாங்க.”

கடையிலிருந்து மாட்ட வந்த மெக்கானிக்குக்கு மனசு குளிர்ந்துபோனது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா! ஹாலை ஒட்டிய அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில், போர்வைக்கு வெளியே இரண்டு மெலிந்த பாதங்கள் மட்டும் தெரிந்தன.

“வெறும் டிவி சத்தம் தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி இருக்கும் சார். இதை மாட்டிட்டுப் பாருங்க, படத்துல மழை பெஞ்சா நீங்க குடை தேடுவீங்க!” எல்லா வீட்டிலும் சொல்வதை இங்கேயும் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். டிவிக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மூலையில் உறுமுகிற பெரிய பெட்டி. நான்கும் மளமளவென்று இடம் பிடித்துக்கொண்டன.

தகராறு வந்தது பின்பக்க ஸ்பீக்கர் இரண்டில்தான்.

“இது சோபாவுக்குப் பின்னாடி, காதுக்குக் கொஞ்சம் மேல வரணும் சார்.”

“வேணாம். அந்த ரூம் கதவுக்கு ரெண்டு பக்கமும் மாட்டுங்க.”

“அங்க மாட்டினா சத்தம் ஒரே பக்கமா சாயும் சார். நாளைக்கு மெக்கானிக் சரியில்லன்னு என்னைத்தான் சொல்லுவாங்க.”

“யாரும் சொல்ல மாட்டாங்க. மாட்டுங்க.”

சொல்கிறவர் பிடிவாதம் பிடித்தால் மெக்கானிக் என்ன செய்ய முடியும்? படுத்த படுக்கையாகக் கிடக்கிற அப்பாவுக்கு நன்றாகக் கேட்க வேண்டுமென்று ஆசைப்படுகிறார், பாவம்.

“அப்பாவுக்குக் காது மந்தமா சார்?”

“அவருக்கா? பாம்புக் காது!”

மெக்கானிக் ஏணியில் ஏறிச் சுவரில் துளை போட ஆரம்பித்தான். பாதியில் போன் அடித்தது. மனைவி. “உங்கம்மா காலையிலேர்ந்து கட்டில்ல கிடந்து விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. என்னால முடியலைங்க.” “வேலையில இருக்கும்போது போன் பண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று எரிந்து விழுந்தவன், போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு மறுபடியும் மெஷினை எடுத்தான்.

ஸ்பீக்கரின் முகத்தை அறைப்பக்கமாகத் திருப்பியபோது வீட்டுக்காரர் பதறிப்போய் எழுந்து வந்தார்.

“அப்படி இல்ல. ஹாலைப் பார்த்து இருக்கட்டும்.”

“அப்ப உள்ள இருக்கற அப்பாவுக்கு…?”

“முதல்ல மாட்டுங்க.”

மாட்டினான். ஒயரைச் சுவரோரமாக ஒட்டி, கார்கள் துரத்திக்கொள்கிற ஒரு படத்தை ஓடவிட்டான். வீட்டுக்காரர் போய் அறைக் கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

“நிறுத்துங்க” என்றார்.

நிறுத்தினான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“தம்பீ… தண்ணி குடுப்பா… யாராச்சும் வாங்களேன்.”

“சார், அப்பா கூப்பிடறார்.”

“இப்பதான் குடிச்சார். போய் நின்னா எதுக்குக் கூப்பிட்டேன்னே அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து உக்கார்றதுக்குள்ள மறுபடி கூப்பிடுவார். மூணு வருஷமா இதே கதைதான். இப்பப் போடுங்க.”

போட்டான். ஹால் அதிர்ந்தது.

“குரல் கேக்குதா?”

“எது சார்?”

“உள்ள இருந்து.”

மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. “லேசா கேக்குது சார்” என்றான்.

“ஏத்துங்க.”

ஏற்றினான். கார்கள் மோதின, கண்ணாடிகள் நொறுங்கின, யாரோ அலறினார்கள். அறைக்குள்ளிருந்து வந்த குரல் இருந்த இடம் தெரியாமல் போனது.

“இப்ப?”

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

“அப்பாடா!” வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “அந்த அளவுலயே வச்சிட்டுப் போங்க.”

கடைக்குத் திரும்பிய மெக்கானிக் பையை மேஜைமேல் தொப்பென்று போட்டான். முகம் சிவந்திருந்தது.

“அவனெல்லாம் மனுஷனாண்ணே? பெத்த தகப்பன் தண்ணி தண்ணின்னு கத்தறார். அது காதுல விழக் கூடாதுன்னு ஸ்பீக்கர் மாட்டறான். அதையும் நானே என் கையால மாட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கறேன். வயிறு எரியுதுண்ணே!”

கடைக்காரர் உச்சுக் கொட்டினார். “கலி முத்திப்போச்சு. இவனுங்கல்லாம் உருப்படுவானுங்களா? சரி, நீ என்ன பண்ணுவ, உன் வேலையை நீ பார்த்த. டீயைக் குடிச்சிட்டு வீட்டுக்குக் கிளம்பு.”

டீயைக் குடித்தான். இன்னும் நாலு வார்த்தை அந்தப் பிள்ளையைத் திட்டினான். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் வீட்டுக்குக் கிளம்புகிற வழியாக இல்லை. அடுக்கி வைத்திருந்த பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றான், ஒன்றின் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

“என்னப்பா, இன்னும் போகலையா?”

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணே… இதே செட் ஒண்ணு என் வீட்டுக்கும் வேணும்.”