வெள்ளிக்கிழமைச் சைவம்

"கைவேலை எண்டா இதுதான் தம்பி. மெஷினில இப்பிடி வராது. இன்னும் ரெண்டு கொண்டு வாரும்."

சமையலறையிலிருந்து தட்டுகளை வெளியே தள்ளும் சின்ன ஜன்னலடியில் நின்ற ஜெனிற்றாவுக்கு, அந்தக் குரலைக் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

குனிந்து எட்டிப் பார்த்தாள். அவரேதான். வாசலோர மேசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சிவராசா. அவளுடைய புருஷனைப் பெற்றவர்.

வழமையாக அவள் பின்னால் மாவு மேசையில்தான் கிடப்பாள். இன்றைக்கு ஆள் குறைவென்று முன்னுக்கு வந்தவள் கண்ணில் இது படவேண்டுமா?

தட்டுகளை எடுக்க வந்த றோய் சிரித்தான்.

"அந்த ஐயா வெள்ளிக்கு வெள்ளி பதுளையில இருந்து பஸ் ஏறி வர்றாருக்கா. எறச்சி பொழங்காத கடையாம், அதான் நம்பி வர்றாராம்."

அது உண்மைதான். எல்ல ஊருக்குச் சுற்றுலா வருகிற இஸ்ரேல் பிள்ளைகளுக்காக ஓர்னா மேடம் நடத்துகிற சின்னக் கோஷர் கடை, யூத ஆசாரப்படி சமைக்கிற கடை அது. பாலும் மாவும் மரக்கறியும்தான், இறைச்சி படியேறாது. மற்றக் கடைகளைப்போல வெள்ளைத் தோலைக் கண்டதும் விலையை ஏற்றுவதுமில்லை. ஓட்டோக்காரர்கள்கூட வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போவார்கள். மாவை மேசை கொள்ளுமட்டும் கையாலேயே இழுத்து விரித்து, வெலிமடை உருளைக்கிழங்கை அவித்து வைத்து மடிக்கிற பொரேக்காஸுக்குத்தான் அங்கே அடிபிடி. அந்தக் கை ஜெனிற்றாவின் கை.

இந்தக் கையைப் பற்றித்தான் அந்த மனிதர் கலியாணத்துக்கு முன்னால் மகனிடம் சொன்னார், தேயிலைத் தோட்டத்துப் பெட்டையின் கையால் சமைத்தது தன் தொண்டைக்குள் இறங்காது என்று.

சொன்னபடியே நடந்தார். மகள் நிஷாலினி பிறந்தபோது ஒரே ஒரு தடவை வந்தார். வாசற்படியில் நின்று குழந்தையைப் பார்த்தார். பிளேன்டீயைக் கொண்டுபோய் நீட்டியவளிடம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பதுளையிலிருந்து அவர்கள் வீடு இருக்கிற தெமோதரை வரைக்கும் எந்தக் கடையில் குடித்தாராம்? அன்றைக்குப் பிறகு அவள் புருஷன் கிஷாந்தன் அப்பாவின் வீட்டுக்குப் போகவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவன்போல உட்கார்ந்திருப்பான்.

இந்தக் கடையிலும் ஒரு சட்டம் உண்டு. அடுப்பை ஓர்னா மேடம்தான் பற்றவைக்க வேண்டும், வேற்று மதத்து ஆள் கை வைக்கக்கூடாது. முதல் நாள் அதைக் கேட்டபோது ஜெனிற்றாவுக்குச் சுருக்கென்றது. இங்கேயுமா என்று நினைத்தாள். ஆனால் முதல் தட்டு வெந்து இறங்கியதும் மேடம் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுடச்சுடப் பிய்த்து அவள் வாயிலும் ஒரு துண்டை வைத்துத் தானும் தின்றாள். அந்தச் சட்டம் மேடத்துக்கும் அவளுடைய கடவுளுக்கும் நடுவில் உள்ளது. ஜெனிற்றாவின் கையோடு அதற்கு ஒரு பகையுமில்லை.

வெளியே அவர் விரலிடுக்கில் ஒட்டிய பொருக்கைக்கூட விடாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

தின்னட்டும், நன்றாகத் தின்னட்டும். இறங்காத தொண்டைக்குள் எத்தனை இறங்கியிருக்கிறது என்று இன்றைக்கு ஊருக்கு முன்னால் தெரியட்டும். ஜெனிற்றா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், அவர் கேட்ட இரண்டையும் றோயின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நேராக அவரிடம் போனாள். தட்டு மேசையில் விழுந்த சத்தத்தில் பக்கத்து மேசைகள் திரும்பின.

"இதெல்லாம் செஞ்சது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

சிவராசா நிமிரவில்லை. கையிலிருந்த துண்டை மெல்லத் தட்டில் வைத்தார்.

"தெரியும் பிள்ளை. அதுக்குத்தானே வாறன்."

ஒரு நொடி அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. வரவில்லை. முன்னதைவிடப் பெரிய கோபம்தான் வந்தது.

அப்படியென்றால் கையில் குற்றமில்லை. தொண்டையிலும் குற்றமில்லை. கடையில் தின்றால் கடைச் சாப்பாடு, சொந்தபந்தம் யாரும் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். வரும்போதும் போகும்போதும் அந்த பஸ் அவளுடைய வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. பெற்ற மகன் அங்கே வாடிக் கிடக்க, பேத்தி தாத்தா முகம் தெரியாமல் வளர, இந்தப் பெரிய மனிதர் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்து, வயிறு நிறைந்ததும் பார்த்துக்கொண்டே திரும்பியிருக்கிறார்.

அவர் கை மறுபடியும் தட்டுக்குப் போனது.

சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பது மகா பாவம். எதிரியாக இருந்தாலும் செய்யக்கூடாது. தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பசியோடு வளர்ந்த ஜெனிற்றாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடுத்தாள்.

"மிச்சத்த வீட்டுல வந்து சாப்புடுங்க, மாமா."

தட்டோடு அவள் உள்ளே போனாள். சிவராசாவின் கை வெறும் மேசைமேல் விரித்தபடியே கிடந்தது.