டோக்கன் போட்ட செருப்பு

எதிர்க்கட்சி மகளிரணியிடம் எல்லாம் தயாராக இருந்தது. வைக்கோல் அடைத்த இரண்டு உருவ பொம்மைகள், ஒரு மைக், படம் பிடிக்க இரண்டு டிவிக்காரர்கள். செருப்பு மாலை மட்டும் இல்லை.

அதனால் தலைவி மதுமதி நேராகக் கோயில் வாசலில் இருந்த அங்கமுத்துவின் செருப்பு ஸ்டாண்டுக்கு வந்தாள்.

மயிலாப்பூரில் வேண்டுமென்றே செருப்பை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிடித்த பீடை அதோடு ஒழியும் என்று ஒரு நம்பிக்கை. அங்கமுத்து அவற்றைத் துடைத்து வைத்திருந்து, வெறுங்காலோடு வருகிறவர்களுக்குக் கொடுப்பார். அந்தக் குவியலை அவருடைய பேச்சைக் கேட்காமல் அள்ளிக்கொண்டு போனார்கள்.

கூடவே கீழ்த்தட்டிலிருந்த ஒரு ஜோடியும் போய்விட்டது. அறுபத்திரண்டாம் டோக்கன். வார் அறுந்து பச்சை நூலால் தைத்த பழுப்புச் செருப்பு. யாரோ கைவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

கோத்துப் பார்த்தபோது ஒரு மாலைதான் தேறியது.

அதை அமைச்சர் பொம்மையின் கழுத்தில் போடவில்லை. பக்கத்தில் புடவை சுற்றி நிறுத்தியிருந்த லாவண்யா பொம்மையின் கழுத்தில் போட்டார்கள்.

மூன்று நாளாக எல்லா சேனலிலும் வெளியே கசிந்த அந்த அந்தரங்கத் தொலைபேசிப் பேச்சுதான். அமைச்சரும், அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த லாவண்யாவும். அதில் முக்கால்வாசி அமைச்சரின் குரல்.

அடி முழுக்க அவளுக்கு விழுந்துகொண்டிருந்தது. கோயிலிலிருந்து வெளியே வந்த பெண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னாள் மதுமதி. சிலர் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். நெற்றியில் விபூதி காயாமலே அடித்தார்கள்.

அப்போதுதான் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் அறுபத்திரண்டாம் டோக்கனை நீட்டினாள்.

அங்கமுத்துவின் கை வெறும் தட்டைத் தடவியது. பதினான்கு வருடத்தில் அவர் ஒரு ஜோடியைத் தொலைத்ததில்லை. நிமிர்ந்தார். பொம்மையின் மார்பில் பச்சை நூல் தெரிந்தது.

"தப்பு நடந்துபோச்சும்மா. இங்கியே நிழல்ல நில்லு. தோ, வாங்கியாந்துர்றேன்."

அவள் நிற்கவில்லை. பதினொரு மணி வெயிலில் தார் கொதித்தது. வெறுங்காலோடு அவர் பின்னாலேயே வந்தாள்.

"டோக்கன் போட்ட செருப்பும்மா. இவங்களுது" என்றார் அங்கமுத்து.

மதுமதி மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. "அதுக்கின்னா? ஒரு அடி போட்டுட்டு எடுத்துக்கினு போவட்டும்!"

அந்த அம்மாள் பொம்மையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா யோசிக்கிற? அந்த மந்திரி பொண்டாட்டிய நெனச்சிப் பாரு. வவுறு எரிஞ்சிக்கினு கீதோ இன்னாவோ. அந்தம்மாவுக்காவது ஒண்ணு போடு!"

"அந்தம்மா அடிக்கச் சொன்னாங்களா?" என்றாள் அவள்.

கூட்டம் ஊளையிட்டது. "யாரு அவ உனக்கு, கூடப்பொறந்த தங்கச்சியா?" என்று ஒருத்தி கேட்டாள். "இவளும் அதே ஜாதி போலக்கீது" என்றாள் இன்னொருத்தி. டிவிக்காரர் கேமராவைத் திருப்பினார்.

அங்கமுத்து அவளுக்கு முன்னால் வந்து நின்று கேமராவை மறைத்தார்.

"ஒரு அடிதானே ஒங்களுக்குக் கொறையுது? என்னிய அடிச்சிக்கங்கோ. பொருள் எங்கிட்ட குடுத்தது."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பின்னாலிருந்து பறந்து வந்த ஒரு செருப்பும் விளையாட்டுக்கு வரவில்லை. தோளில் பட்டுக் கீழே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அங்கமுத்து அதைக் குனிந்து எடுத்து, ஜோடி எங்கே என்று தேடினார். கைப்பழக்கம்.

சிரிப்பு ஏனோ அதற்குமேல் ஓடவில்லை. மதுமதியே எரிச்சலோடு மாலையை இழுத்து, பச்சை நூல் போட்ட இரண்டையும் பிய்த்து எறிந்தாள். "தூக்கிக்கினு போய்யா. கெட்ட நேரம்!"

அங்கமுத்து அவற்றைத் தன் துண்டால் துடைத்து, அந்த அம்மாளின் காலருகே நேராக வைத்தார்.

அவள் உடனே போட்டுக்கொள்ளவில்லை. பொம்மையிடம் போனாள். மாலையை இழுத்ததில் சரிந்திருந்த முந்தானையை எடுத்துத் தோள்மேல் இழுத்துவிட்டாள். கிழிந்த இடம் தெரியாமல் மடித்துச் செருகினாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பேருந்தில் செய்வது போல.

பிறகு வந்து செருப்புக்குள் கால் நுழைத்தாள். வசவு இன்னும் ஓயவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்ட ஓட்டுநர் ஒருவர் ஓடி வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அங்கமுத்துவுக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அம்மா, உங்கள எங்கல்லாம் தேடறது? மந்திரி ஐயா நாலு வாட்டி போன் பண்ணிட்டாரு. பன்னெண்டு மணிக்குப் பேட்டி. சம்சாரம் பக்கத்துல உக்காந்தாதான் டிவிக்காரங்க நம்புவாங்களாம். கார் அடுத்த தெருவுல நிக்குது, வாங்கம்மா."

அவள் தன் கால்களைப் பார்த்தாள். வியர்வையில் நனைந்திருந்த டோக்கனை அங்கமுத்துவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என் செருப்பு கெடச்சிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுப்பா" என்றாள் ஓட்டுநரிடம், கார் நின்ற பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு. "நான் நடந்தே போயிக்கிறேன்."