கழிவறையின் குரல்

மணலி சிக்னலில் இருபது வருஷமாக நிற்கும் போக்குவரத்துக் காவலர் அமலதாஸ், ஒரு மாதமாக வீட்டுக் கழிவறைக்குள் போகவில்லை. போனால், அந்த நவீனக் கழிவறை சிறுநீரைச் சோதித்து, என்ன நோய் என்று வாய்விட்டுச் சொல்லிவிடும். தெருமுனைப் பொதுக் கழிப்பிடம் எதையும் சொல்லாது.

அன்று காலை மனைவி பிலோமினா வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ரத்தம் போறது கைலி துவைக்கிறவளுக்குத் தெரியாதா? இங்கயே போங்க."

"எனக்கெப்படிப் புற்றுநோய் வரும்? நான் பீடிகூடத் தொட்டதில்லையே!"

"ரோட்டுப் புகையைக் குடிச்சீங்களே, அது போதாதா?"

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே குரல் கேட்டது.

"சிறுநீர்ப்பையில் சிறு கட்டி இருக்கலாம். ஆரம்பநிலைதான், குணப்படுத்தலாம். இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்."

வெளியே வந்தவரைக் கட்டிக்கொண்டு பிலோமினா அழுதாள். அவர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "இப்ப நீ போ" என்றார்.

"எனக்கென்ன?"

"அதே சிக்னல்லதானே பூ விக்கிற? நீயும் ஒரு மாசமா தெருமுனைக்குப் போறது எனக்குத் தெரியாதா?"

அவள் தலை குனிந்தாள்.

"பயமாயிருக்குங்க. இங்கயே நிப்பீங்கல்ல?"

"எங்கயும் போக மாட்டேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தன் சேதியைக் கேட்டபோது கலங்காத அவர், இப்போது கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.